எண் இல்லாத ஒரு வரி

சுரங்கப்பாதையின் கூரை காலை பத்தரைக்கு இடிந்தது. பன்னிரண்டு மணிக்கு அலுவலகத் திரையில் பட்டியல் காலியாக இருந்தது. உள்ளே போய்த் திரும்பாதவர் ஒருவரும் இல்லை என்று அதற்குப் பொருள்.

வருகைப் பதிவைக் கவனிக்கும் அக்காவால் அதை நம்ப முடியவில்லை. அவளுடைய தம்பி உள்ளே துளைபோடும் எந்திரம் ஓட்டுகிறவன். காலையில் கார்டைத் தேய்த்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டி, "உட்கார்ந்த இடத்துலயே சம்பளம் வாங்குற மகராசி, இதையும் பார்த்துக்கோ" என்று சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தான். அது மேசையில் திறக்கப்படாமல் இருந்தது.

தலைமைப் பொறியாளர் கெட்டவரல்ல. மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத குழிக்குள் மீட்புக்காரர்களை ஏன் சாகவிட வேண்டும் என்று கேட்டார். தம்பி எங்காவது வெளியே மயங்கிக் கிடப்பான், தேடச் சொல்கிறேன் என்றார். அவள் கெஞ்சியதற்கு, பட்டியலைச் சரிபார்க்க அரை மணி நேரம் கொடுத்தார்.

வழக்கமான கோளாறுகளைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். வாசல் எந்திரம் கார்டு எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடும், அலுவலகக் கணினி அதை விழுங்கிவிடும். இரண்டையும் ஒரே மாதிரியாக்கினாள். எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வெற்றிடங்களை வெட்டினாள். உள்ளே போய் வெளியே வராதவர்களைப் பொறுக்கியெடுக்கும் க்வெரியை ஓட்டினாள். காலி. மறுபடி ஓட்டினாள். காலி.

பத்து நிமிடம் போயிருந்தது. தம்பியின் கார்டு எண் 217ஐ மட்டும் தனியாகத் தேடினாள். உள்ளே போனவர்களில் இருந்தது, வெளியே வந்தவர்களில் இல்லை. அப்படியானால் வராதவர் பட்டியலில் ஏன் இல்லை?

வெளியே வந்தவர்களின் வரிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு வரி. நேரம் இருந்தது, எண் இல்லை. எல்லோரும் மீசை என்று கூப்பிடும் வாசல் காவலரை ஓடிப்போய்க் கேட்டாள்.

"ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தரைத் தூக்கிட்டு ஓடினாங்கம்மா. கழுத்துல கார்டு இல்ல, மூஞ்சியெல்லாம் சேறு. நம்பரைக் காலியா விட்டுட்டேன்."

"உயரமா, குட்டையா?"

"படுத்திருந்தவரைப் பார்த்து எப்படிம்மா சொல்றது?"

திரும்பி வரும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. 217 வெளியே வரவில்லை என்று கணினி அடித்துச் சொல்ல வேண்டும். எண் இல்லாத அந்த ஆள் யாரென்று அதற்குத் தெரியாது. அவர் 217ஆகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அதனால் அது யாரைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு காலிக் கட்டம் அத்தனை பேரையும் மறைத்துவிட்டது.

காலி எண்ணை ஒதுக்கிவிடு என்று ஒரு வரி சேர்த்தாள். திரையில் ஏழு பேர் வந்தார்கள். தம்பி மூன்றாவது.

பொறியாளர் குனிந்து படித்தார். மேலேறிக்கொண்டிருந்த மீட்புக்காரர்களை வாக்கிடாக்கியில் திருப்பி இறங்கச் சொன்னார்.

ஏழில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்ற செய்தி பரவியதும் மற்ற ஆறு வீட்டாரும் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். அந்த ஒருவர் தங்கள் ஆள்தான் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவளும்.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் பேசினாள். முகத்தைத் துடைத்தபின் அவர் கண்விழித்துப் பேர் சொன்னாராம். கம்பி கட்டும் மேஸ்திரி. அவருடைய மனைவியிடம் அக்காதான் சொன்னாள். அந்தப் பெண் ஜன்னல் கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா கையை விடுவித்துக்கொண்டு, காலிக் கட்டத்தில் மேஸ்திரியின் எண்ணை அடித்தாள். க்வெரியை ஓட்டினாள். ஆறு. தம்பி இருந்தான்.

மறுநாள் மாலைக்குள் ஐந்து பேரை உயிரோடு எடுத்தார்கள். ஒவ்வொருவர் வெளியே வந்த நேரத்தையும் அவளே பதிந்தாள். பட்டியல் குறைந்துகொண்டே வந்து ஒற்றை வரியில் நின்றது: 217. அதுவரை உள்ளேயிருந்து கேட்ட தட்டும் சத்தம் அதன்பின் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் ஏறியது.

பொறியாளர் வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். மேசையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு, அந்த வரியையும் முடித்துவிடச் சொல்லி மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார்.

"என்ன நேரம் போடட்டும் சார்?"

அவள் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.