கட்டில் கதவு

மனூசோஸின் மேய்ச்சல் நிலத்துக் கதவு ஒரு பழைய இரும்புக் கட்டிலின் தலைமாடு. அதன் ஒரு மூலையில் பித்தளைக் குமிழ் இன்னும் இருக்கிறது. குட்டிகள் கம்பிகளுக்கிடையே நுழைந்துவிடாதபடி, கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிவலையை அதன்மேல் போட்டு முறுக்கியிருக்கிறார். கிரீட் தீவில், எங்கள் ப்சிலோரிதிஸ் மலைப் பக்கத்தில், பாதிக் கதவுகள் ஒரு காலத்தில் கட்டிலாக இருந்தவைதான். சுற்றுலா வந்தவர்களைத் தவிர யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

கதவுக்கு மேட்டுப் பக்கம் மேய்ச்சல், கீழ்ப் பக்கம் தண்ணீர். சிமெண்டுத் தொட்டியில் ஒரு மிதவை கிடக்கிறது. ஆடுகள் குடிக்கக் குடிக்க அது இறங்கும், இறங்கினால் குழாய் திறக்கும், தொட்டி நிரம்பினால் தானாக மூடிக்கொள்ளும். மழைக்காலம் தொடங்கி மே முடியும் வரை கதவு மூடியிருக்கும், கீழே புல் வளரட்டும் என்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை திறந்தே இருக்கும். வெயில் காலத்தில் செம்மறிகள் காலையில் ஒரு முறையும் நடுப்பகல் தாண்டி ஒரு முறையும் இறங்கிவந்து குடித்தாக வேண்டும். அதனால் அந்த வழியே போகிறவர்களுக்கு ஒரே விதிதான். கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும்.

அந்த வழியே போகிறவர்கள் நாங்கள். நானும் என் கணவரின் தம்பி சிஃபிஸும் ஆளுக்கொரு ஜீப் ஓட்டுகிறோம். கடற்கரை ஓட்டல்களில் தங்கியிருப்பவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, மலையில் ஏறி, மேட்டுச் சமவெளியைத் தாண்டி, மறுபக்கத்துக் கிராமத்தில் சாப்பிடவைத்து, மாலையில் திரும்பக் கொண்டுவிடுவோம். பாதை முழுவதிலும் தார் போடாத பகுதி ஏழு கிலோமீட்டர். அது மனூசோஸின் நிலத்துக்குள் போகிறது. தார்ச்சாலையில் போக யாரும் ஜீப் ஏறுவதில்லை. அந்த ஏழு கிலோமீட்டர் இல்லாவிட்டால் எங்கள் இருவருக்கும் கோடையில் வேலை இல்லை.

போன ஏப்ரலில் யாரோ கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்கள். கோடைக்கென்று வைத்திருந்த கீழ்ப்புல்லை மந்தை நான்கே நாளில் தின்று தீர்த்தது. அது நாங்கள் இல்லை என்று மனூசோஸுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சங்கிலியையும் திறந்த பூட்டையும் கொண்டுவந்து கதவுக் கம்பத்து ஆணியில் தொங்கவிட்டார். "இன்னொரு வாட்டி கதவு மாறியிருந்துச்சுன்னா, யாரு எவருன்னு கேக்கமாட்டேன், எவாந்தியா. பூட்டிருவேன்" என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல.

ஆகஸ்டு நடுவில் ஒரு நாள் காலை, கிளம்புமுன் வழக்கம்போல் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை. சைலன்சர் குழாய் ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. இரும்பில் இறுக்கி வைத்தால் என்ஜின் நடுக்கத்தில் விரிசல் விட்டுவிடும் என்பதற்காக ரப்பர். அதில் ஒன்று இரண்டு வாரம் முன்பு மலைமேல் அறுந்தபோது, கைக்குக் கிடைத்த கம்பியால் கட்டியிருந்தேன். கட்டு அசையவில்லை. நன்றாக இருப்பதைப் பிரிப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எட்டுப் பேர், என் வண்டியில் நான்கு, சிஃபிஸின் வண்டியில் நான்கு. அவன் வண்டியில் ஒரு டென்மார்க் தம்பதி இருந்தார்கள். ப்ரேபென், அவர் மனைவி பிர்தே. அவர் யூட்லாந்தில் நாற்பது வருஷம் மாட்டுப் பண்ணை நடத்தி ஓய்வுபெற்றவர். என் ஜீப்பின் டயர்களைச் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்து கொஞ்சம் கம்மியா இருக்கே?" என்றார்.

"வேணும்னேதான். காத்து கம்மியா இருந்தா டயர் பரந்து உக்காரும், கல்லுல பிடிக்கும்" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

சிஃபிஸ் தன் வண்டியில் ஏறியவர்களிடம் வழக்கமான பேச்சைத் தொடங்கினான். "அண்ணி முன்னாடி போவாங்க, அவங்க கெளப்புற தூசிய நாம திங்கணும். நேத்து வந்தவங்கள்ல ஒருத்தர் இன்னும் தும்மிட்டு இருக்காராம்."

உண்மையில் யாரும் தூசி தின்பதில்லை. முன்வண்டியின் தூசி அடங்கும் வரை பின்வண்டி நின்று வரும். காற்றில்லாத நாளில் அது மூன்று நிமிடம்கூட ஆகும். அதனால் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்று பதினொரு மணிக்கு நான் கதவைத் தாண்டியபோது அது திறந்திருந்தது. அதைக் கண்டதும் மனம் அடுத்த வளைவுக்குப் போய்விட்டது.

ஒரு மணிக்கு மறுபக்கத்துக் கிராமத்தின் உணவகத்தில், ஆலமரம் போல் பரந்த ப்ளேன் மரத்தடியில் உட்கார்ந்தோம். வறட்டு ரொட்டிமேல் துருவிய தக்காளியும் பாலாடைக்கட்டியும் வந்தன. கனலைச் சுற்றி நிறுத்திச் சுட்ட ஆட்டுக்கறி வந்துகொண்டிருந்தது. ப்ரேபென் என்னைப் பார்த்துக் கண்ணாடிக் குவளையைத் தூக்கினார்.

"உங்க கதவக் காப்பாத்திக் குடுத்தேன். தொறந்து கெடந்துச்சு. நான் எறங்கி மூடிட்டேன்."

சிஃபிஸ் முள்கரண்டியை வைத்தான். "எந்தக் கதவு?"

"கட்டில் மாதிரி இருக்குமே, அதான். நீங்க கொஞ்சம் தள்ளி ஓரமா ஒதுங்குனீங்களே, அப்ப."

"நான் ஒண்ணுக்குப் போனேன், அண்ணி" என்றான் சிஃபிஸ் என்னிடம், மெதுவாக. "திரும்பி வந்தப்ப எல்லாரும் வண்டியில ஏறி உக்காந்திருந்தாங்க. நான் பின்னாடி பாக்கல."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மந்தை இறங்கும் நேரம் தொடங்கிவிட்டது. ப்ரேபெனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது, வாதாடவில்லை. துடைக்கும் துணியை மடித்துவைத்தார்.

"நான்தான் மூடுனேன். நானே வந்து தொறக்கறேன்."

"சாப்பிட்டுப் போங்களேன்" என்றாள் பிர்தே.

"மாட்டுக்குத் தண்ணி காட்டாம என்னைக்காவது சாப்பிட்டிருக்கேனா?"

"இது ஆடு" என்றாள் பிர்தே. அவர் அதற்குள் ஜீப்பில் ஏறியிருந்தார்.

சமவெளியைக் கடந்து கதவை நோக்கி இறங்கும் சரிவில் ஜீப்புக்கென்றே உள்ள இரண்டாவது கியர்த் தண்டை மெதுவோட்டத்துக்குத் தள்ளி, முதல் கியரிலேயே விட்டேன். அந்தச் சரிவில் பிரேக்கை மிதித்தே இறங்கினால் பாதி வழியில் அது சூடேறி, மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். என்ஜினையே பிடித்து நிறுத்தவைப்பதுதான் முறை. மெதுவாகத்தான் போகலாம், அவசரம் இருந்தாலும்.

கதவு கண்ணில் படுமுன் மணிச்சத்தம் கேட்டது. மேயும் மந்தையின் மணிகள் சிதறிக் கேட்கும், ஒன்று இங்கே, ஒன்று தூரத்தில், நடுவில் மௌனம். ஒரே இடத்தில் நெரிந்து நிற்கும் மந்தையின் மணிகள் ஓயாமல் தகரம் உருட்டுவதுபோல் கேட்கும். அன்று தகரச் சத்தம்.

இருநூறு ஆடு பாதையை அடைத்து நின்றன. கதவு மேட்டுப் பக்கமாகத் திறப்பது. முன்வரிசை ஆடுகள் அதன்மேல் அழுந்திக் கிடந்ததால் கீழ்ப் பக்கமிருந்து தள்ளினாலும் திறக்காது. நான் கைதட்டிக் கத்தப் போனேன். ப்ரேபென் என் தோளைத் தொட்டுத் தடுத்தார். வேலியோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து மந்தைக்குள் போனார். ஆட்டை இழுத்தால் அது காலை ஊன்றிக்கொள்ளும், முகவாயைத் தூக்கிப் பிடித்தால் தூக்கிய பக்கம் திரும்பும். கதவருகே இருந்த நான்கைந்தை அப்படித் திருப்பினார். ஒரு ஆள் அளவு இடம் கிடைத்ததும் கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார். மந்தை அவரை உரசிக்கொண்டு தண்ணீருக்கு ஓடியது.

ஒரு ஆடு விழுந்து கிடந்தது. அவர் அதைத் தூக்கி நிறுத்தி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நடுங்கிற்று. பிறகு அதுவும் போனது.

கீழேயிருந்து மனூசோஸின் பிக்கப் வந்தது. மணிச்சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. இறங்கி, தொட்டியைப் பார்த்தார், ப்ரேபெனின் கால்சட்டையில் இருந்த புழுதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு மூடுனது?"

"இவருதாண்ணே. நல்லதுன்னு நெனச்சு மூடிட்டாரு."

"விருந்தாளிய நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றார். நேராகக் கம்பத்துக்குப் போய்ச் சங்கிலியைக் கழற்றித் தோளில் போட்டார். "செப்டம்பர் வரைக்கும் தொறந்திருக்கும், ஆட்டுக்கு. ஜீப்புக்கு இல்ல. பாதைக்குக் குறுக்க கீழயே சங்கிலி போட்டுர்றேன்."

"என்ன சொல்றாரு?" என்று ப்ரேபென் கேட்டார். சொன்னேன்.

"அவருகிட்ட கேளுங்க. இந்தக் கதவு காத்துல ஆடிட்டு இருந்துச்சு. தொறந்தே இருக்கணும்னா ஏன் கட்டல? கட்டியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன். எங்க ஊர்ல கட்டுன கதவ யாரும் தொடமாட்டான்."

அதை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். மனூசோஸுக்கு ஆங்கிலம் தெரியாது, ப்ரேபெனுக்கு கிரேக்கம் தெரியாது. நடுவில் நான் மட்டும்தான். ப்ரேபெனின் காலணிக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. இரண்டு வாரம் முன்பு நான் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் போன கல், இப்போது இரண்டடி உருண்டு கிடந்தது.

ப்ரேபென் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"கட்டலயா?" மனூசோஸ் வேலிக்கம்பத்துக்குப் போனார். "நானே கட்டுனேன். மூணு மில்லிமீட்டர் கம்பி, நாலு சுத்து." கம்பத்தில் துரு உரசிப்போய்ப் பளபளத்த நான்கு கோடுகள் தெரிந்தன. அவர் விரலால் தடவினார். "எந்தக் களவாணிப்பய எடுத்தான்?"

"நான்தாண்ணே" என்றேன். "சைலன்சர் ரப்பர் இங்கதான் அறுந்துச்சு. கைல ஒண்ணும் இல்ல. கல்ல வச்சுட்டு எடுத்துக்கிட்டேன். மறுநாளே கொண்டாந்து கட்டணும்னு இருந்தேன்."

"எந்த மறுநாளு?"

அவர் ஒரு கையை ஜீப்பின்மேல் ஊன்றிக் குனிந்து அடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்க" என்றார். "அவுத்துக் குடு."

கந்தையைக் கையில் சுற்றிக்கொண்டு அடியில் போனேன். குழாய் இன்னும் சுட்டது. எதற்கு என்று கேட்காமலே ப்ரேபென் ஒரு தடியைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் முட்டுக்கொடுத்தார். கம்பி பிரிந்ததும் பழைய இணைப்பு தாங்கவில்லை, சைலன்சர் துண்டாக என் மார்பில் விழுந்தது. கம்பியை வெளியே நீட்டினேன். மனூசோஸ் அதை முழங்காலில் வைத்து நிமிர்த்தி, கதவை வேலியோடு சேர்த்து நான்கு சுற்றுச் சுற்றி, முனையைக் குறட்டால் முறுக்கினார். ப்ரேபென் போய்க் கதவை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

சங்கிலி இன்னும் மனூசோஸின் தோளில் கிடந்தது. அவர் பிக்கப் வரை நடந்தார். பாலாடைக்கட்டி ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி ப்ரேபெனின் கையில் வைத்தார். திரும்பி வந்து சங்கிலியைப் பழைய கம்பத்திலேயே மாட்டினார், பூட்டாமல்.

"நாளைக்கும் எட்டுப் பேரா?"

"ஆறு பேருண்ணே."

"ம்" என்றார்.

சைலன்சர் வெறும் வளைந்த குழாய் அல்ல. உள்ளே ஓட்டைபோட்ட தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு வெடிப்பின் சத்தமும் அவற்றில் மோதி மோதிச் செத்துப்போகும். அது இல்லாமல் நான்கு சிலிண்டரும் நேராகப் பேசும். ப்ரேபென் அதை மடியில் கிடத்திக்கொண்டு, ஒரு காதைக் கையால் பொத்தியபடி வந்தார்.

உணவகத்தில் எல்லோரும் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க கதவுகிட்ட வண்டிய எடுத்தப்பவே எங்களுக்குக் கேட்டுச்சு, அண்ணி" என்றான் சிஃபிஸ். "மலைய உருட்டிட்டு வர்றீங்கன்னு நெனச்சேன். பூட்டிட்டாரா?"

"இல்ல."

அன்று மாலையே சைலன்சரைப் பட்டறையில் பற்றவைத்து, இரண்டு ரப்பர் வளையங்கள் வாங்கி மாட்டினேன், உபரியாக இரண்டைக் கருவிப்பெட்டியில் போட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கதவருகே வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கதவு கட்டப்பட்டிருந்தது. சங்கிலியும் பூட்டும் பழைய இடத்தில். அதே ஆணியில், சங்கிலிக்குப் பக்கத்தில், புதிய மூன்று மில்லிமீட்டர் கம்பி ஒரு துண்டு, சிறு வளையமாகச் சுருட்டி மாட்டியிருந்தது.

என்னிடம் ரப்பர் இருந்தது. அந்தக் கம்பியைத் தொடவில்லை.