குடையை யாருக்குக் கொடுத்தாள்

அந்த முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். எழுதி ஓய்ந்த பாட்டுக் கவிஞர். முழங்கால் வலியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி. அவள் கணவன். அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை என்பதால் அவள் அவனை ஆந்தை என்றுதான் கூப்பிடுவாள். மின்விசிறியையும் சேர்த்துக்கொள்ளலாம். அதுதான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

ஆந்தையும் அவளும் கவிஞர் வீட்டுக்கு வந்த காரணம் அவர் எழுதிய ஒரு பாட்டு. படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. காதலித்த காலத்தில் பேருந்தில் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டது. அதில் இரண்டு வரி:

குடையொன்று வாங்கி வைத்தேன்
மழைக்கு முன்னே கொடுத்துவிட்டேன்

யாருக்குக் கொடுத்தாள், ஏன் கொடுத்தாள்? காதலனுக்கு என்பது ஆந்தையின் கட்சி. அவன் நனையக் கூடாது என்று கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கிறாள். வழியில் போன எவளுக்கோ என்பது இவள் கட்சி. ஊரை விட்டுப் போகிறவளுக்கு அந்த ஊர் மழைக்கு வாங்கிய குடை எதற்கு?

அன்றைக்கு அது விளையாட்டு. இப்போது அவளுக்கு வேறு ஊரில், ஒரு கூடத்தையே நிர்வகிக்கும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்ட ஆந்தைக்கு இன்னோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை. அதனால் அவன் போவதாக இல்லை. அவளைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

"எழுதினவரையே கேட்டுடலாம்," என்றாள் அவள் ஒருநாள், சிரித்துக்கொண்டே. "நீ சொல்றது சரின்னா இருந்துடறேன். நான் சொல்றது சரின்னா போறேன்."

ஆந்தை சிரிக்கவில்லை. ஒப்புக்கொண்டான். வருவதற்கு முந்தின நாள், அவளுக்குத் தெரியாமல் கவிஞருக்குப் போன் போட்டான்.

முன்னறையில் அவள் கேள்வியைக் கேட்டதும் கவிஞர் தொண்டையைச் செருமினார். "காதலனுக்குத்தாம்மா. தான் நனைஞ்சாலும் பரவால்ல, அவன் நனையக் கூடாது. அங்கேயே நிக்கிறா பாரு, அதுதான் பாட்டோட உயிர்."

அவள் தலையாட்டினாள். ஆந்தைக்கு மூச்சு சீராக வந்தது.

"இதென்னங்க, புதுசா உயிர் வந்திருக்கு?" என்றார் கவிஞரின் மனைவி. "அந்த மழை லாரி கதை என்ன ஆச்சு?"

"நீ சும்மா இரு."

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்லிச் சிரிப்பீங்க." அவர் அவள் பக்கம் திரும்பினார். "குடையோட மழையில ஆடற பாட்டும்மா அது. பாதி எடுத்தாச்சு. மழை பெய்ய வைக்கற தண்ணி லாரி வழியில படுத்துடுச்சு. ஆடற பொண்ணுக்கு மறுநாள் வேற படம். மீதியை மழையில்லாமலே எடுக்கணும். குடையைத் தொலைக்க ஒரு வரி வேணும்னு டைரக்டர் ஒத்தக் கால்ல நின்னாரு. இவர் சாப்பிட்ட கையோட எழுதிக் கொடுத்தாரு."

"அப்ப குடை யாருக்கு?"

"லைட்மேன் எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கவிஞரும் சிரித்துத் தொலைத்தார். "என்னம்மா பண்றது, குடும்ப விஷயம்னு தம்பி அவ்ளோ கெஞ்சினாரு."

அவள் சிரிப்பு நின்றது. ஆந்தை மின்விசிறியைப் பார்த்தான்.

தெருவில் இறங்கியதும் அவள் கேட்டாள்.

"அவர்கிட்ட என்னன்னு சொன்ன?"

"நீ போயிட்டா கஷ்டமா இருக்கும்னு."

"எங்கிட்ட சொல்லல."

"உங்கிட்ட சொன்னா காரணம் கேப்ப."

"கேப்பேன்தான்."

"காரணம்லாம் இல்ல. நீ இருக்கணும், அவ்ளோதான்."

"அதை முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "இனிமே நீ எது சொன்னாலும் இது நிஜமா, ஏற்பாடான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். எந்தக் குழாயில யார் ரத்தம்னு நாள் பூரா அங்க பாக்கறேன். வீட்லயும் என்னால முடியாது."

அவன் பதில் தேடினான். கிடைத்ததெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பினாள். கிளம்பிய அன்று அவன் வேலை முடிந்து வந்தபோது பெட்டிகள் நடையில் இருந்தன. பெரியதைத் தூக்கக் குனிந்தான்.

"வேணாம், டிரைவர் மேல வர்றாரு. நீ தூங்கு, கண்ணெல்லாம் செவந்திருக்கு."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

"பண்றேன்."

டிரைவர் பெட்டிகளை எடுத்துக்கொண்டு முன்னே இறங்கினார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் இறங்கினாள். காலடிச் சத்தம் அடங்கியதும் ஆந்தை கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினான்.