மெத்தை வைத்த டேஷ்போர்டு

ரப்பர் மெத்தையையும் தோலையும் சேர்த்துக் கொடுத்ததும் தையல் மெஷின் முனகியது. ஊசி மறுபடியும் முறிந்தது. வெளியே சிகாகோவின் பனி, உள்ளே கணப்பு அணைந்துபோன ஷெட். கம்பளிக் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள் யாத்விகா.

யுத்தம் முடிந்த அந்த நாட்களில் டேஷ்போர்டுக்கு மெத்தை வைக்கிற கார் வேறெந்தக் கம்பெனியிலும் கிடையாது. முதலாளி ஹெய்ன்ஸ் அப்படி ஒரு காரைச் செய்யப்போகிறார் என்று கேள்விப்பட்டதுமே அவள் இங்கே வேலைக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் ஸிக்மண்ட், கார் தடக்கென்று நின்றதில் இரும்பு டேஷ்போர்டில் நெற்றி மோதிச் செத்தவன். மற்றபடி உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"அண்ணி, இன்னிக்கும் இரும்புத் தகடு வரல." கொழுந்தன் லூத்விக் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறினான். "வாஷிங்டன்ல சர்க்கார் ஒதுக்கீடு தீந்துபோச்சாம். பெரிய கம்பெனிங்களுக்குப் போக மிஞ்சினாத்தானாம் நமக்கு."

"நம்ம ஊர் செனட்டர் பாத்துக்கிறேன்னாரே?"

"பாத்துக்கிறாரே! அவர் தேர்தல் செலவை அந்தக் கம்பெனிக்காரனுங்க பாத்துக்கிறானுங்க, அவனுங்களை அவர் பாத்துக்கிறார்."

கார் செய்கிற எண்ணமே இல்லாமல் ஜனங்களிடம் பணம் வாங்கி ஏமாற்றினார் என்று ஹெய்ன்ஸ் மேல் அரசாங்கம் வழக்குப் போட்டது. பாங்கிக் கணக்கை முடக்கினார்கள், சம்பளம் நின்றது. ஓடுகிற கார்களைக் கொண்டுபோய்க் கோர்ட்டு வாசலில் நிறுத்திவிட்டால் வழக்கு பிசுபிசுத்துப் போகும் என்று நம்பி, ஆட்கள் சும்மாவே வேலைக்கு வந்தார்கள். தகடு இல்லாததால் பழைய இரும்புக் கடையில் மட்கார்டும் கியர்பாக்ஸும் பொறுக்கி வந்து, தட்டி, ராவி, பெயின்ட் அடித்தார்கள். லூத்விக் தட்டிய கதவில் பார்த்து முகம் சவரம் செய்யலாம்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடும் பீர்க்கடையில் சாம்பல் தொப்பிக்காரன் ஒருவன் அவர்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். அவர்களைப் போலவே அவனும் போலந்துக்காரன்தான். வேலை போன கதையைச் சொல்லி, எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். லூத்விக்குக் கேட்கவா வேண்டும்?

"தகடு தரலேன்னா விட்டுருவமா? பழைய இரும்புக் கடையிலேர்ந்தே காரைச் செஞ்சோம்யா! சம்பளமும் கிடையாது. எவன் செய்வான் சொல்லு?"

"நிசமாவா? சம்பளமே இல்லாமயா?"

"கொழுந்தனாரே, மீன் ஆறுது," என்று யாத்விகா அவன் சட்டைக் கையை இழுத்தாள்.

"இருங்க அண்ணி, நல்ல மனுசன் கேக்கிறாரு."

நுணலும் தன் வாயால் கெடும். கோர்ட்டில் அந்தத் தொப்பி அரசாங்க வக்கீலின் மேஜை மேல் இருந்தது, தொப்பிக்காரன் பக்கத்து நாற்காலியில். லூத்விக்கைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"கியர்பாக்ஸ் பழைய இரும்புக் கடையில் வாங்கினதுதானே?"

"ஐயா, தகடு தர மாட்டேன்னுட்டாங்க, அதனால..."

"ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு."

"ஆமா."

"உங்க முதலாளி சம்பளம் தராமலே வேலை வாங்கினாரா?"

"அவர் வாங்கல ஐயா, நாங்களாத்தான்..."

"ஆமாவா, இல்லையா?"

லூத்விக்கின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஆமா." அடுத்த நாள் பேப்பரில் 'குப்பைக் கார்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். கோர்ட்டு வாசலில் வரிசையாக நின்ற கார்களை ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. தொப்பிக்காரன் படியிறங்கும்போது யாத்விகாவுக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தான். அவள் அவன் காலடியில் காறித் துப்பினாள். அவன் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனான்.

கடைசியில் ஹெய்ன்ஸ் குற்றவாளி இல்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. அதற்குள் ஷெட்டில் ஒரு திருகாணி மிச்சமில்லை. கடனுக்கு ஏலம் போன மெஷின்களை எடுத்தவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த பனிக்காலத்தில் அந்தப் பெரிய கம்பெனிகளில் ஒன்றிலேயே யாத்விகா சீட்டு உறை தைக்கப் போனாள். வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? அங்கே அவளுக்குத் தந்த தையல் மெஷினின் அடியில் மூன்று கீறல்கள் இருந்தன. ஊசி முறிந்த ஆத்திரத்தில் அவளே கத்தரியால் கீறியவை.

"ஐயா, இதே மெஷின்ல டேஷ்போர்டு மெத்தை தைப்பேன். ஒண்ணு தைச்சுக் காட்டட்டுமா?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"எதுக்கும்மா? இரும்பாவே நல்லா விக்குது. சீட்டைத் தைங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கார்கள் நகர்ந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மெருகேற்றிய இரும்பு டேஷ்போர்டு விளக்கொளியில் பளபளத்தது. ஒரு பையன் அதில் விழுந்த விரல் ரேகையைத் துணியால் துடைத்தான். துடைத்துவிட்டு, அதில் முகம் பார்த்து, நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிக்கொண்டான்.