எங்க குளம்

விளக்கைப் போட்டதுமே மென்னா அதைப் பார்த்துவிட்டாள். ஆழம் குறைந்த பக்கம், கைப்பிடிக் கம்பியை ஒட்டி, நீச்சல் குளத்தின் அடியில் தலையணை அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு கிடந்தது. அண்ணாந்தாள். கூரையில் அது பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது. துண்டு விழுந்திருந்தது, இஸ்லுவின் என்ற அவள் கணவர் தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இடம். பக்கவாதம் வந்த பிறகு தரையில் ஓர் அடி வைக்க முடியாத மனிதர், அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் நிமிர்ந்து நடப்பார். பேச்சும் போய்விட்டது. அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று.

இந்தக் கூரை உளுத்துவிட்டது என்று, குளத்தை நடத்திவந்த உள்ளூர் கவுன்சில் அனுப்பிய பொறியாளர் ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது, "இழுத்து மூட ஒரு சாக்கு!" என்று முதலில் எழுந்து கத்தியவள் மென்னாதான். அரங்கமே அதிர்ந்தது. அந்த மனிதர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். சுரங்கத்தை மூடினார்கள், நூலகத்தை மூடினார்கள், இதையாவது விடக்கூடாது என்று ஊரே கைகோத்துக் கட்டடத்தைச் சுற்றி நின்றது. கோஷம் அவள் கட்டியது. சக்கர நாற்காலியில் இஸ்லுவின் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கவுன்சில் சாவியை ஊராரிடமே கொடுத்தது. ஜெயித்துவிட்டோம் என்று கேக் வெட்டினார்கள். சாவி கொடுக்க வந்தவர் முகத்தில் அத்தனை நிம்மதி ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

பம்ப் அறையிலிருந்து கெதின் வந்தார். குளத்தை இப்போது நடத்தும் ஊர்க் குழுவில் அவளுக்கு வலது கை. துண்டைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் வெளிய டவலோட நிக்கிறாங்க மென்னா. இத நான் எடுத்துடறேன். இன்னைக்கு ஓட்டிடலாம்."

"அடுத்தது யார் தலையில விழும்?"

"மூடினா மூடினதுதான், தெரியும்ல? கவுன்சில் கை கழுவிட்டான். திரும்ப ஏத்துக்க மாட்டான்." கைப்பிடிக் கம்பியைக் காட்டி, "அப்ப இஸ்லுவின் எங்க நடப்பார்?" என்றார்.

கணவரை மட்டும் கூரை பெயராத பக்கமாக நடக்கவிட்டால் போதாதா என்று ஒரு கணம் நினைத்தாள். மற்றவர்கள்? தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கதவைத் திறந்து வாசலிலேயே நின்றாள். "கூரை இடிஞ்சு விழுந்திருக்கு. இன்னைக்கு யாரும் இறங்க முடியாது. இனிமேலும் முடியாதுன்னுதான் நினைக்கிறேன்."

டெலித் வீட்டிலிருந்தே நீச்சல் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சிரித்தாள். "இதே கதையத்தானேடி அந்தக் கோட்டுக்கார இன்ஜினியர் சொன்னான்? அவன விரட்டினது யாரு?"

"நான்தான். அவர் சொன்னது நிஜம்."

"அடேங்கப்பா, நீயும் கவுன்சில் ஆளாயிட்டியா! தள்ளு, நாங்களே பாத்துக்கறோம்."

உள்ளே விட்டால் வெளியேற மாட்டார்கள். போராட்டத்தின்போது, நுழைந்த இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். உள்ளே பின்வாங்கிக் கண்ணாடிக் கதவைப் பூட்டினாள்.

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு யாரோ ஆரம்பித்தார்கள். "எங்க குளம்! தொறந்து விடு!" அவளுடைய கோஷம், அவளுடைய மெட்டு. டெலித் கதவைத் தட்டித் தாளம் போட்டாள்.

கூட்டத்தின் ஓரத்தில் இஸ்லுவின், மடியில் சுருட்டிய துவாலையோடு. நல்ல கை நாற்காலியின் பிடியில் மெல்ல அடிக்க ஆரம்பித்தது. உதடு கோணியது, நேரானது.

"எங்க... குளம்."

டெலித் திரும்பினாள். "மென்னா! உன் புருஷன் பேசுறார்டி! வந்து கேளு!"

"எங்க குளம்! தொறந்து விடு!" இம்முறை ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. கண் மென்னாவின் மேலேயே இருந்தது.

மென்னா பூட்டில் சாவியை இன்னொரு சுற்று இறுக்கித் திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தது.