வலப்பக்கம் ஒரு முகடு

நடுக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கட்டிலில் பெங் யுங்தே, அவன் மனைவி சுன்யிங், மகள் ஜியாலிங், மூத்த அண்ணன் பெங் யுங்ஷான், ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்த மருத்துவமனை ஊழியர். வூ பெய்ச்சி பிறகுதான் வந்தாள். வேறு யாரும் அங்கே இல்லை.

யுங்ஷான் நாற்காலியில் ஏறி நின்று பூஜை மேடையின்மேல் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் உயிர் பிரிவதைச் சாமிகள் பார்க்கக் கூடாது. எழுபத்தொன்பது வயது, யாரும் நாற்காலியைப் பிடிக்க அவர் விடவில்லை.

தம்பி வீட்டிலேயே சாகட்டும் என்று மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தபோது ஒவ்வொரு பாலத்திலும் அவர்தான் குனிந்து வழி சொன்னார், உயிர் வழி தவறிவிடாமல் இருக்க. தோச்சியென் ஆற்றைத் தாண்டும்போது ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அண்ணா, நான் இன்னும் போகல. பாலம் ஜன்னல்ல எனக்கே தெரியுது."

அவன் போகாமல் காத்திருந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். இரும்பு, அலுமினியம் உட்பட ஐந்து உலோகப் பொடிகளைச் சம பங்காக உருளையில் போட்டு, குண்டுகளோடு நாற்பது மணி நேரம் சுழற்றி, அழுத்திச் சுட்டால் ஐந்தும் ஒரே படிக அமைப்பாகக் கலந்துவிடும் என்று யுங்தே நான்கு வருடம் முன்பு ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருந்தான். ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் லாய் என்ற பேராசிரியர் எழுந்து கேட்டார்: உங்கள் குண்டுகள் எஃகுதானே, அவை தேய்ந்து கலந்த இரும்பு எவ்வளவு? ஐந்து சம பங்கு என்பது உண்மையில் இரும்பு கூடிய கலவை. அதனால்தான் ஒரே அமைப்பு.

யுங்ஷான் ரயில் நிலைய அதிகாரியாக முப்பத்தாறு வருடம் இருந்தவர். பெங் வீட்டுப் பெயரில் கலப்படம் என்ற சொல் ஒட்டியதை அவரால் விழுங்க முடியவில்லை. யுங்தேக்கு அந்தக் கோபமே இல்லை. அதே ஐந்து உலோகத்தை உருக்கிக் குண்டுகளே செய்துகொண்டான். தேய்ந்தாலும் அதே கலவைதான் உள்ளே போகும். அந்தக் குண்டுகளால் அரைத்த பொடி நேற்று உலையிலிருந்து வெளியே வந்தது. இன்று எக்ஸ்ரே கருவியில் இருந்தது. அது வரையும் கோட்டில் ஓர் அமைப்புக்குரிய முகடுகள் மட்டும் வந்தால் அவன் சொன்னது சரி.

மூன்றரை மணிக்கு வூ பெய்ச்சியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. யுங்தேயோடு பதினெட்டு வருடம் வேலை செய்தவள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஓடிவந்தாள். யுங்ஷான் வாசலிலேயே மறித்து, ஒன்றா இரண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் காகிதத்தைக் காட்டினாள். பெரிய முகட்டின் பக்கத்தில் இன்னொன்று நின்றது.

லாய் சொன்னதே சரி.

தான் போய்ச் சொல்வதாகக் கூறி அவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பெய்ச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார். கட்டிலருகில் நிமிர்ந்து நின்றார்.

"ஒண்ணுதான்டா. சுத்தமா ஒண்ணு."

யுங்தே அவரையே பார்த்தான்.

"அப்புறம் ஏன் அதை மடிச்சு வெச்சே?"

யுங்ஷான் காகிதத்தை எடுத்து விரித்துத் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

யுங்தேயின் கண்கள் விரிந்தன. தலையணையிலிருந்து எழப் பார்த்தான். பெரிய முகட்டுக்கு வலப்பக்கமா என்று கேட்டான். வலப்பக்கம்தான் என்றாள் பெய்ச்சி. கடினத்தன்மையையும் அளந்து பார்த்தாளாம்; பழையதைப்போல ஒன்றரை மடங்கு.

"ஒன்றரையா! சுன்யிங், கேட்டியா? ரெண்டாவது ஒண்ணு உள்ளே முளைச்சுத் தாங்கிப் பிடிக்குது. இத்தனை வருஷம் இரும்பு அதை மறைச்சு வெச்சிருக்கு." மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. "அண்ணா, லாய்க்குப் போன் போடு. அவர் சொன்னதுதான் சரின்னு சொல்லு."

"நானா?"

"நம்ம வீட்டுல பெரியவர் நீதானே?"

யுங்ஷான் போட்டார். பெயர், வயது, யுங்தேக்கு என்ன உறவு என்பதையெல்லாம் முறையாகச் சொல்லிவிட்டு, தம்பியின் பழைய முடிவு தவறு என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார். போனைத் தம்பியின் காதில் வைத்தார்.

ஐந்து நிமிடம் இருவரும் பேசினார்கள். யுங்தே முகமூடியை இரண்டு தடவை விலக்கினான். ஜியாலிங் இரண்டு தடவையும் திரும்பப் போட்டாள். ஒருமுறை சிரித்தான். பிறகு அவன் பக்கம் பேச்சில்லை. லாய் மட்டும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். யுங்ஷான் அவரை முடிக்க விட்டார்.

"இதுவரைக்கும் கேட்டுக்கிட்டுதான் இருந்தான்," என்றார் போனில். "இப்ப இல்லை."

தான் தோற்றுவிட்ட அதிர்ச்சியில் பெங் யுங்தே செத்தான் என்று சிஞ்சு நகரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவன் செத்தது, அடுத்த கலவையில் அலுமினியத்தைப் பாதியாகக் குறைப்பதா கால் பங்காகக் குறைப்பதா என்ற வாதத்தின் நடுவில். அவன் கால் பங்கு என்றான்.