பஹ்மி அனுப்பிய கல்

நான் கோபக்காரி என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு இடைவேளையில் இர்ஷானா ஓடிவந்து என் மேசையில் ஃபோனை வைத்தபோதும் எரிந்துதான் விழுந்தேன்.

"என்ன புள்ள, தேத்தண்ணியத் தட்டி ஊத்தப் போறாய்!"

பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

இர்ஷானா ஏறாவூர்க்காரி. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அவள் புருஷன் பஹ்மி மடகஸ்காருக்கு நீலக்கல் தோண்டப் போய் இரண்டு வருடம். அந்த நாட்டின் தெற்கில் அவன் வேலைசெய்த இடத்தில் மூன்று நாளைக்கு முன் குழி இடிந்து ஆட்கள் புதைந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுடைய ஃபோன் வேலைசெய்யவில்லை.

"அவர் அங்க இல்லாமலும் இரிக்கலாம் டீச்சர். கூட்டாளியோட கோவிச்சிக்கிட்டு வடக்குப் பக்கம் போறன் எண்டு சொன்னவர். போனாரா இல்லயா எண்டுதான் தெரியா. குழி உடைஞ்ச அண்டைக்குக் காலையில இந்தப் படத்த அனுப்பினவர். உங்களுக்குக் காட்டச் சொன்னார்."

படத்தில் மண் சுவரில் பாதி புதைந்த சுருள் கல். பக்கத்தில் பஹ்மியின் பெருவிரல். அமோனைட்! திருச்சியில் படித்த காலத்தில், அரியலூர்ப் பாறைகளில் பொறுக்கிய இருநூறு அமோனைட்டுகளை இனம் பிரித்துத்தான் நான் பட்டம் வாங்கினேன். கிரெத்தேசியக் காலத்துக் கடலில் வாழ்ந்து செத்த சுருள் ஓட்டுப் பிராணிகள். ஆசிரியர் அறையில் அவற்றைப் பற்றி நான் அளக்காத நாளில்லை. அது பஹ்மி வரைக்கும் போயிருக்கிறது.

"இது வடக்குக் கல்லா, தெற்குக் கல்லா டீச்சர்? எங்கட சரீப் காக்கா அங்க தலைநகரத்துல வாகனத்தோட நிக்கார். எந்தப் பக்கம் தேடிப் போற எண்டு கேக்கார்."

வடக்கென்றால் பஹ்மி தப்பிவிட்டான்; தெற்கென்றால் அந்தக் குழிக்குள் இருக்கலாம். அந்த நாட்டின் வடக்கில் கிடைப்பது கிரெத்தேசிய அமோனைட். வழுவழுவென்று இருக்கும், சுற்றுகள் ஒன்றையொன்று மூடி நடுவிலுள்ள தொப்புள் சின்னதாக இருக்கும். தெற்கில் கிடைப்பது அதற்கும் முந்திய யுராசிக் காலத்தது. தொப்புள் அகலம், ஓட்டில் தடித்த விலா வரிகள், ஒவ்வொரு வரியும் வெளி ஓரத்தில் இரண்டாகப் பிரியும். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீற்றர் இருக்கும்.

படத்தை விரித்துப் பார்த்தேன். சின்னத் தொப்புள். வரி ஒன்றும் தெரியவில்லை.

"வடக்கு!" என்று கத்தினேன். "வடக்கு புள்ள, இது கிரெத்தேசியம்!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று தரையிலேயே குந்திவிட்டாள். அழுதழுது அண்ணன் முறையான சரீபுக்கு ஃபோனில் சொன்னாள். அவர் உடனே புறப்பட்டார்.

மணி அடித்து அவள் வகுப்புக்குப் போன பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவளிடம் வாங்கி வைத்த படத்தை அலுவலகக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன். தொப்புள் சின்னதில்லை, அது நிறையக் களிமண் அப்பியிருந்தது. மண்ணுக்கு வெளியே ஒரு விரல் அகலத்துக்கு ஓடு தெரிந்தது. அதில் ஒரு வரி, ஓரத்தில் இரண்டாகப் பிரிந்தது. அடுத்ததும் பிரிந்தது. கர்த்தரே! வடக்காக இருக்கவேண்டும் என்ற ஆசையில் கண்ணைக் குருடாக்கிக்கொண்டேனே!

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். இன்றைக்காவது அவள் ஒரு வாய் சோறு தின்பாள். ஆனால் பஹ்மி தெற்கில் ஏதாவது ஆசுபத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால்? சரீப் ஒவ்வொரு நிமிடமும் அவனை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். எழும்பி நடந்தேன். இர்ஷானாவின் வகுப்பு வாசலில் கால் நின்றுவிட்டது. அவள் என்னைக் கண்டு வெளியே வந்தாள்.

"இர்ஷானா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது தெற்குக் கல்."

அவள் கையிலிருந்த சோக்கை ஜன்னல் கட்டில் வைத்தாள்.

"தெற்கெண்டா அந்தக் குழிக்குள்ளதான் எண்டில்ல புள்ள. அங்க எத்தனையோ குழி இரிக்கும்..."

நான் புலம்பியது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஃபோனை எடுத்தாள்.

"காக்கா, வாகனத்தத் திருப்புங்க. தெற்குப் பக்கம் போங்க. ஓம், அந்தக் குழியடிக்கித்தான். ஆசுபத்திரியளயும் பாருங்க."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. வைத்த பிறகுதான் என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன.

"காக்கா போய்ச்சேர நாளைக்கு விடிஞ்சிரும் டீச்சர்."

"ஓம் புள்ள."

"அதுவரைக்கும் என்னால ஏலா. முதல்ல சொன்னீங்களே, அத இன்னொருக்காச் சொல்லுங்க."

பிள்ளைகள் கதவோரம் வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வடக்கு," என்றேன். "வடக்கு புள்ள."