நீல மூக்கு

"ஒம்பது மடங்குக் கண்ணாடியில எழுநூறு மீட்டருக்கு என்ன தெரியும்? மானு ஈ மாதிரிதான்—"

"ஈ மாதிரி தெரிஞ்சா எதுக்குடா சுட்ட—"

"நான் முடிச்சிக்கறேன் அக்கா—"

"முடி. நீ எதைத்தான் முடிச்சிருக்க."

மலைப்பண்ணை ஐலீன் பெயரில் இருக்கிறது. அவள் தம்பி பெர்கஸ் டிமாரு நகரத்தில் வீடு விற்றுக்கொடுக்கும் தரகன். ஏப்ரலில் மான்கள் இணைதேடிக் கத்தத் தொடங்கியதும், பண்ணையிலிருந்து மலைக்குப் போகும் பின்வாசல் சாவி கேட்டு வந்துவிடுவான். போன சனிக்கிழமை வந்தவன், அன்றே பள்ளத்துக்கு அப்பால் நின்ற ஒரு கொம்பு மானைச் சுட்டான். படவில்லை என்றான். இன்று வெள்ளி. என் துப்பாக்கிக் கடையில் துப்பாக்கிமேல் பொருத்தும் மூன்று ஸ்கோப் கண்ணாடிகளைப் பரப்பிவைத்து, தடித்த ஒன்றின் வழியாக எதிர்க் கசாப்புக் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஐலீன் வந்தாள். அவளோடு ஒரு நாற்றமும் வந்தது.

"இது இருபத்தஞ்சு மடங்கு," என்றான் என்னிடம். "மேல இருக்கற திருகைத் திருப்பினா எண்ணூறு மீட்டர்கூட எட்டும். சரிதானே மாவிஸ்?"

"கண்ணுக்கு எட்டும்," என்றேன். "அன்னிக்கு மேக்கால காத்து அடிச்சுதே. மானு நின்ன எடத்துல ரத்தம் இருந்துதா?"

"அதான் படலையே."

"போய்ப் பாத்தியா?"

"பள்ளத்துல எறங்கி ஏற ஒன்றரை மணி நேரம் ஆவும். படாத மானுக்கு யாரு போவா?"

பட்டதோ இல்லையோ, மான் நின்ற இடம்வரை நடந்துபோய்ப் பார்க்காதவனை இந்த ஊரில் மறுமுறை வேட்டைக்குக் கூப்பிடமாட்டார்கள். இவன் தம்பி. கூப்பிடாமலே வருவான்.

ஐலீன் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நாற்றம் அதிலிருந்துதான். உள்ளே ஒரு செம்புக் குண்டு, நுனியில் நீல பிளாஸ்டிக் மூக்கு அப்படியே இருந்தது. பட்டதும் விரிந்து சட்டென்று கொல்ல வேண்டிய குண்டு, போய்ச் சேரும்போது வேகம் செத்துவிட்டதால் விரியவேயில்லை. பெர்கஸ் தோட்டாவைத் தானே அடைக்கிறவன். நீல மூக்குக் குண்டை அவனுக்கு மட்டும்தான் வரவழைத்துத் தருகிறேன்.

"எங்க கெடைச்சுது?" என்றான் பெர்கஸ்.

"குடல்ல பூந்து அந்தப் பக்கத் தோலுக்கடியில நின்னுருக்கு. கொழாய்ல தண்ணி நூலா வருதேன்னு ஓடைக்குப் போனேன். வீட்டுக்குத் தண்ணி எடுக்கற கொழாய் வாய் வலைமேல தலையை வச்சு மானு கெடக்குது. வயிறு ஊதி வெடிச்சு, உள்ள இருந்தது பூரா தண்ணியில. காலையில அந்தத் தண்ணியிலதான் ரெண்டு கப் டீ குடிச்ச."

புதன்கிழமை அந்த வீட்டில் நானும் சூப் குடித்திருந்தேன்.

பெர்கஸ் குண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப பட்டிருக்கு. எழுநூறு மீட்டர்ல பட்டிருக்கு அக்கா. காத்து ஒரு முழம் தள்ளிடுச்சு, அவ்வளவுதான். இந்த ஸ்கோப்புல காத்துக்குன்னே கோடு போட்டிருக்கான்." விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "இதையே கட்டிடுங்க மாவிஸ்."

நான் ஸ்கோப்பைப் பெட்டியில் போட்டு, பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஐலீன் கையை நீட்டினாள். "பின்வாசல் சாவியைக் குடுத்துட்டு வண்டியில ஏறு. மானு இன்னும் தண்ணியிலதான் கெடக்குது. இப்பவாவது கிட்டப் போய்ப் பாரு."